கூட்டுவதற்கு முன் கழியுங்கள்: வழக்கமான வகுப்பில் மீத்திறன் மாணவருக்குக் கற்பிக்கும் முறை

ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடவேளை. பலகையில் பத்துக் கணக்குகள். ஒரு மாணவி எட்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்; மற்றவர்களுக்கு இன்னும் அரை மணி நேரம் தேவை. இந்த இடத்தில் ஆசிரியர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். இன்னும் பத்துக் கணக்கு கொடுக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடு என்கிறார்கள், அல்லது சத்தம் போடாமல் உட்காரச் சொல்கிறார்கள். மூன்றிலும் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் மூன்றிலும் அந்த மாணவி அன்று புதிதாக எதையும் கற்பதில்லை.

தனிப் பள்ளியோ தனி வகுப்போ இல்லாமல், எல்லோரும் அமர்ந்திருக்கும் அதே வகுப்பில் இத்தகைய மாணவருக்குக் கற்பிக்க முடியுமா? முடியும். அதற்கான வழி, கூடுதலாக எதையாவது கொடுப்பதில் தொடங்குவதில்லை. தெரிந்ததைக் கழிப்பதில் தொடங்குகிறது.

1. மீத்திறன் மாணவர் என்றால் யார்?

பழைய வரையறை நுண்ணறிவு ஈவை (IQ) வைத்துச் சொல்லப்பட்டது. சராசரி 100, 130-ம் அதற்கு மேலும் பெறுவோர் மீத்திறன் உடையோர். இந்தக் கணக்குப்படி நூறு பேரில் ஏறத்தாழ இருவர் வருவார்கள். 1978-இல் ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வியாளர் வேறொரு பார்வையை முன்வைத்தார். சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாமல் முடிக்கும் ஈடுபாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார் அவர்.

வகுப்பாசிரியருக்கு இரண்டையும்விடப் பயன்படும் வரையறை ஒன்று உண்டு: இந்தப் பாடத்தின் இந்த அலகில், வகுப்பின் வேகமும் ஆழமும் யாருக்குப் போதவில்லையோ அவர். இப்படி வைத்துக்கொண்டால் ‘இவர் மீத்திறன், அவர் இல்லை’ என்று நிரந்தர முத்திரை குத்த வேண்டியதில்லை. கணக்கில் முன்னே இருப்பவர் மொழிப்பாடத்தில் வகுப்போடு நடக்கலாம். இந்த மாதம் வடிவியலில் தெரிந்த பாடவேளைகளிலிருந்து விலக்குப் பெற்றவர், அடுத்த மாதம் இயற்கணிதத்தில் எல்லோருடனும் உட்காரலாம்.

நல்ல மதிப்பெண் வாங்குபவரும் மீத்திறன் மாணவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் மதிப்பெண் பெறுபவர் கேட்டதற்குச் சரியான விடை எழுதுவார். மீத்திறன் மாணவர் சில நேரம் விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிடுவார், கேள்வியிலேயே குறை கண்டுபிடிப்பார், கையெழுத்து கோணலாக இருக்கும், வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும். அதனால் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தால் பலர் விடுபடுவார்கள். ஆசிரியரின் கணிப்பை மட்டும் நம்பினால், அமைதியானவர்களும் பயிற்றுமொழியைப் புதிதாகக் கற்பவர்களும் வறிய வீட்டுப் பிள்ளைகளும் விடுபடுவார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்தவர்களை மட்டும் சோதிக்கும் வழக்கத்தை விட்டு, இரண்டாம் வகுப்பு மாணவர் எல்லோரையும் சோதிக்கத் தொடங்கியது. அடையாளம் காணப்பட்ட ஏழை, சிறுபான்மைக் குழந்தைகளின் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. திறன் முன்பும் இருந்தது, யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

சோதனையும் தவறும். 1921-இல் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை வைத்து 1,500-க்கும் மேற்பட்ட சிறாரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். சோதிக்கப்பட்டும் தேர்வாகாமல் போன இரு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். முதலாமவர் 1956-இலும் மற்றவர் 1968-இலும் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரே சோதனை, ஒரே நாள், ஒரே எண் என்று வைத்து யாரையும் உள்ளே எடுப்பதோ வெளியே நிறுத்துவதோ கூடாது.

2. 11 முதல் 14 வயது ஏன் தனியாகப் பேசப்பட வேண்டும்?

இந்த வயதில் மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

முதலாவது, வளர்ச்சி சீராக இருப்பதில்லை. 12 வயதுச் சிறுவன் கணக்கில் 16 வயதுக்காரனைப் போல் யோசிப்பான், தோற்றால் 9 வயதுக் குழந்தையைப் போல் அழுவான், எழுதும்போது கை மனத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ‘இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தெரியாதா’ என்று கேட்பது இதை மறந்த பேச்சு.

இரண்டாவது, தோழமை. தொடக்கப் பள்ளியில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்கிய சிறுமி, ஏழாம் வகுப்பில் தெரிந்தும் தூக்குவதில்லை. தனித்துத் தெரிவதைவிடக் கூட்டத்தில் ஒருத்தியாக இருப்பது அவளுக்கு முக்கியமாகிவிட்டது. சிலர் வேண்டுமென்றே இரண்டு கேள்விகளைத் தவறாக எழுதுவார்கள். எனவே வகுப்பின் நடுவே நிறுத்திப் புகழ்வதும், ‘அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்பதும் அவளைத் தண்டிப்பதற்குச் சமம்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முயற்சி என்றால் என்ன என்றே அறியாமல் இந்த மாணவர் ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறார். கேட்டவுடன் புரிந்தது, படிக்காமலே மதிப்பெண் வந்தது. குறிப்பெடுப்பது, திரும்பப் படிப்பது, சிக்கிக்கொண்ட இடத்தில் பொறுமையாக நிற்பது ஆகிய எதற்கும் தேவை ஏற்படவில்லை. பிறகு உயர்நிலை வகுப்பில் முதல் கடினமான பாடம் வரும்போது, மற்றவர்கள் பழகிப்போன அந்தத் தடுமாற்றம் இவருக்குப் பேரிடியாகிறது. ‘எனக்குத் திறமை தீர்ந்துவிட்டது’ என்று முடிவு கட்டுகிறார். நடுநிலை வகுப்புகளிலேயே இவருக்குத் தடுமாறும் வாய்ப்பைத் தருவது ஆசிரியரின் கடமை.

3. வழக்கமான மூன்று தீர்வுகள் ஏன் பயன் தருவதில்லை?

கூடுதல் கணக்குகள்: தெரிந்ததையே இரட்டிப்பாகச் செய்ய வைக்கிறோம். சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்பதை மாணவர் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டு மெதுவாகச் செய்யத் தொடங்குவார். திறமைக்குத் தண்டனை என்றுதான் அவர் மனம் அதைப் பதிவு செய்யும்.

துணை ஆசிரியர் வேலை: எப்போதாவது, எல்லோரும் முறை வைத்துச் செய்வதென்றால் நல்லது. அன்றாடப் பழக்கமானால் இருவருக்கும் கெடுதல். பல படிகளைத் தாவி விடைக்குப் போகும் மாணவரால் அந்தப் படிகளை விளக்க முடியாது. எதிரே இருப்பவர் தன்னை மட்டமாக நினைக்கத் தொடங்குவார்.

சும்மா இருத்தல்: சும்மா இருக்கும் 12 வயது மூளை தனக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். குறும்பு, பகற்கனவு, மேசைக்கு அடியில் கதைப் புத்தகம். மூன்றில் கதைப் புத்தகம் எவ்வளவோ மேல், ஆனால் அதை அன்றைய பாடம் என்று சொல்ல முடியாது.

4. கழித்தல்: பாடச் சுருக்கம் செய்யும் முறை

மாணவர் ஏற்கெனவே அறிந்ததை எடுத்துவிட்டு, அறியாததை மட்டும் கற்பித்து, மிஞ்சும் நேரத்தை வேறு வேலைக்கு ஒதுக்குவதே பாடச் சுருக்கம். அமெரிக்காவில் 2 முதல் 6 வரையிலான வகுப்புகளில் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயர்திறன் மாணவருக்குப் பாடத்தின் 40 முதல் 50 விழுக்காடு வரை நீக்கப்பட்டது. அப்படியிருந்தும் அவர்களின் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. ஆண்டின் பாதியை இந்த மாணவர்கள் காத்திருப்பதிலேயே கழிக்கிறார்கள் என்பதுதான் இதற்குப் பொருள்.

விகிதமும் சதவீதமும் என்ற அலகை எடுத்துக்கொள்வோம். அலகுக்கு 12 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

(1) அலகு முடியும்போது தெரிந்திருக்க வேண்டிய திறன்களை எழுதுங்கள். விகிதத்தைச் சுருக்குதல், தொகையை விகிதத்தில் பிரித்தல், நேர்விகிதம், எதிர்விகிதம், சதவீதமாக மாற்றுதல், சதவீத ஏற்ற இறக்கம் என ஆறு வரும். ஆறேழுக்கு மேல் போனால் பட்டியல் பொடிப்பொடியாகிவிட்டது என்று பொருள்.

(2) அலகு தொடங்க இரண்டு மூன்று நாட்கள் முன்பு 25 நிமிட முன்தேர்வு வையுங்கள். திறனுக்கு இரண்டு கேள்வி, மொத்தம் 12. ஒன்று செய்முறைக் கேள்வி, மற்றது ‘ஏன்’ என்று கேட்பது. எடுத்துக்காட்டாக: ‘ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வருமா? காரணம் எழுதுக.’ தேர்வை எழுதும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு. மதிப்பெண் ஏட்டில் ஏறாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

(3) மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், திறன் வாரியாகப் பாருங்கள். 12-க்கு 10 எடுத்தவர் எதிர்விகிதத்தின் இரண்டு கேள்வியிலும் தவறியிருந்தால், எதிர்விகிதம் நடக்கும் பாடவேளைகளில் அவர் கட்டாயம் வகுப்போடு உட்கார வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘83 விழுக்காடு, போதும்’ என்று முழு அலகுக்கும் விலக்கு கொடுத்தால், அந்த ஓட்டை இரண்டு ஆண்டு கழித்து இயற்பியலில் தெரியும்.

(4) ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: தெரிந்தவை (எந்தக் கேள்வி சான்று), கலந்துகொள்ள வேண்டிய பாடவேளைகள், மற்ற பாடவேளைகளில் செய்யும் வேலை. தலைமை ஆசிரியரோ பெற்றோரோ ‘இவர் மட்டும் ஏன் வேறு வேலை செய்கிறார்’ என்று கேட்டால் இந்தத் தாளே பதில்.

(5) மாணவரோடு உட்கார்ந்து விதிகளை ஒப்புக்கொள்ளுங்கள். ஆசிரியர் வகுப்புக்கு விளக்கும்போது குறுக்கிட மாட்டேன். சிக்கினால் முதலில் இரண்டு வழி முயன்றுவிட்டுக் கேட்பேன். ஒவ்வொரு நாளும் மூன்று வரி எழுதுவேன்: என்ன முயன்றேன், எங்கே சிக்கினேன், அடுத்து என்ன.

(6) அலகுத் தேர்வை அவரும் எல்லோருடன் எழுதட்டும். விலக்கு சரியாகக் கொடுக்கப்பட்டதா என்பதற்கு அதுவே சோதனை.

முன்தேர்வுக்கு நேரமே இல்லை என்ற நாட்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளுக்கு உடுக்குறி (*) இடுங்கள். யார் வேண்டுமானாலும் அவற்றை முதலில் செய்யலாம். 15 நிமிடத்துக்குள், வழிமுறையோடு, ஐந்தில் நான்கு சரியென்றால் மீதிக் கணக்குகள் தேவையில்லை. தயாரிப்பு வேலை எதுவும் இல்லாததால் நாளையே தொடங்கலாம். இதில் இன்னொரு நன்மை, நீங்கள் எதிர்பார்க்காத ஒருவர் நான்கு சரியாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

5. மிஞ்சிய நேரத்தில் என்ன வேலை?

கழித்தலைச் செய்துவிட்டு இந்த இடத்தில் கைவிட்டால் எல்லாம் வீண். வண்ணம் தீட்டிய சுவரொட்டி, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய செயல்திட்டம் இவையெல்லாம் நேரத்தை நிரப்பும், மூளையை நிரப்பாது. நல்ல வேலைக்கு ஒரு அடையாளம் உண்டு: முதல் பத்து நிமிடத்துக்குள் மாணவர் சிக்கிக்கொள்ள வேண்டும்.

புதிய புத்தகம் வேண்டியதில்லை. அதே அலகை ஆழமாகத் தோண்டினால் போதும். முன்தேர்வின் 20 சதவீதக் கேள்வியையே எடுங்கள். 100 என்பது 120 ஆகி, 96-இல் முடிகிறது. இழப்பு 4 சதவீதம். இதிலிருந்து அடுத்தடுத்த படிகள்:

- 10, 30, 50 சதவீதங்களுக்குச் செய்து பார். இழப்பு 1, 9, 25 என்று வருகிறது. என்ன ஒழுங்கு தெரிகிறது?
- எந்தச் சதவீதத்துக்கும் இழப்பு அதன் வர்க்கத்தில் நூறில் ஒரு பங்கு என்று நிறுவ முடியுமா? (இயற்கணிதம் இங்கே தேவையாக வந்து நிற்கும், யாரும் திணிக்க வேண்டாம்.)
- முதலில் இறங்கி, பிறகு ஏறினால் விடை மாறுமா? ஏன் மாறாது?
- 25 சதவீதம் ஏறிய விலை பழைய நிலைக்கு வர எவ்வளவு இறங்க வேண்டும்? 20. 50 சதவீதம் இறங்கியது மீள எவ்வளவு ஏற வேண்டும்? 100. இரண்டுக்கும் பொதுவான சூத்திரம் என்ன?

ஒரே கேள்வி இரண்டு மூன்று பாடவேளையைத் தாங்குகிறது. எண்ணைப் பெரிதாக்குவதால் கணக்கு ஆழமாகிவிடாது. பொதுமைப்படுத்தச் சொல்வது, நிறுவச் சொல்வது, விடையைக் கொடுத்துக் கேள்வியைக் கேட்பது, தகவலில் ஒன்றை எடுத்துவிடுவது ஆகியவையே ஆழத்துக்கான வழிகள்.

மற்ற பாடங்களிலும் இதே தத்துவம்தான். அடர்த்திப் பாடத்தில் வகுப்பு ஐந்து பொருள்களின் நிறையையும் கன அளவையும் அளந்துகொண்டிருக்கும்போது, இவருக்கு ஒரு முட்டை, 500 மில்லிலிட்டர் தண்ணீர், உப்பு, தராசு. முட்டை மூழ்காமலும் மேலே வராமலும் நடுவில் நிற்கும் உப்புக் கரைசலைத் தயாரித்து, அதன் அடர்த்தி வழியாக முட்டையின் அடர்த்தியைக் கண்டுபிடி. மூன்று முறை செய்து, மூன்று விடையும் ஏன் சற்றே வேறுபடுகின்றன என்று எழுது. வரலாற்றில், ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு பதிவுகளைக் கொடுத்து, எந்த வரி பார்த்தவர் எழுதியது, எந்த வரி கேட்டவர் எழுதியது என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியரின் நேரம் இதற்கு எவ்வளவு? வாரம் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம். வகுப்பு பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது அருகில் அமர்ந்து மூன்று வரிக் குறிப்பைப் படித்து ஒரு கேள்வி கேட்டால் போதும். இந்தப் பத்து நிமிடமும் இல்லையென்றால் அது சுயகற்றல் ஆகாது. மூலையில் தள்ளிவிட்டோம் என்பதே பொருள். திறமை இருப்பவருக்கு ஆசிரியர் தேவையில்லை என்ற எண்ணத்தைப் போல இந்த மாணவர்களுக்குத் தீங்கு செய்தது வேறில்லை.

6. எங்கே, யாரோடு உட்கார வைப்பது?

ஒரே வகுப்புக்குப் பல பிரிவுகள் இருந்தால், உயர்திறன் மாணவரைப் பிரிவுக்கு ஒருவராகப் பிரித்துப் போடுவதே நியாயம் என்று தோன்றும். பலன் நேர்மாறானது. ஒருவருக்காக யாரும் தனி வேலை தயாரிக்க மாட்டார்கள். ஐந்தாறு பேர் இருந்தால் தயாரிப்பார்கள். அந்த ஐந்தாறு பேரும் ஒருவரோடு ஒருவர் வாதிட, தோற்க, வியக்கக் கிடைப்பார்கள். எனவே ஒரே பிரிவில் ஒரு கொத்தாக, மற்ற நிலை மாணவரோடு சேர்த்து வைப்பது நல்லது.

1916 முதல் ஏறத்தாழ நூறாண்டில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு இதைத் தெளிவாக்குகிறது. திறனை வைத்து வகுப்புகளையே உயர்வு, தாழ்வு என்று பிரிப்பதால் பயன் தென்படவில்லை. வகுப்புக்குள் குழுவாகப் பிரிப்பது, ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்பு தாண்டிக் குழு சேர்ப்பது, மீத்திறன் மாணவருக்கென்று தனிக் குழு அமைப்பது ஆகியவை பயன் தந்தன. குழுக்கள் அலகுதோறும் மாற வேண்டும். ஆண்டு முழுதும் மாறாத குழு, நாளடைவில் சாதி போல் இறுகிவிடும்.

7. மதிப்பெண்

கடினமான வேலையை எடுத்ததால் மதிப்பெண் குறைந்தால், அடுத்த முறை அவர் எளிய வேலையையே கேட்பார். விலக்குப் பெற்ற பகுதிக்கு அலகுத் தேர்வின் மதிப்பெண்ணையே பதியுங்கள். ஆழ வேலைக்கு எண் வேண்டாம், எழுத்தில் கருத்துரை போதும்.

8. வகுப்பு தாண்டுதல்

சிலருக்குச் சுருக்கமும் போதாது. ஆறாம் வகுப்பு மாணவர் கணக்குப் பாடவேளைக்கு மட்டும் எட்டாம் வகுப்புக்குப் போவது பாட முடுக்கம்; ஓர் ஆண்டை முழுதாகத் தாண்டுவது வகுப்பு முடுக்கம். ‘மனம் பாதிக்கும், ஒட்டமாட்டார்’ என்பதே பொதுவான அச்சம். மேலே சொன்ன மதிப்பாய்வு காட்டுவது வேறு: முடுக்கப்பட்டவர்கள் முடுக்கப்படாத தம் வயதுத் திறனாளர்களைவிடப் படிப்பில் தெளிவாக முன்னே இருந்தார்கள், தம்மைவிட மூத்த வகுப்புத் தோழர்களுக்குக் குறைவாகவும் இல்லை. 1971-இல் ஜூலியன் ஸ்டான்லி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம், 12, 13 வயதுச் சிறாருக்குக் கல்லூரி நுழைவுக்கான கணிதத் தேர்வையே வைத்தது. வகுப்புத் தேர்வில் எல்லோரும் நூற்றுக்கு நூறாக ஒரே உயரத்தில் தெரிந்தவர்கள், அந்தத் தேர்வில் வெகுதூரம் விலகி நின்றார்கள். யாரை முடுக்கலாம் என்று அறிய, மேல் வகுப்பின் ஆண்டுத் தேர்வையே கொடுத்துப் பார்ப்பது எளிய வழி.

பாட முடுக்கம் தடுமாறுவது பெரும்பாலும் நேர அட்டவணையில்தான். ஆறாம், எட்டாம் வகுப்புகளின் கணக்குப் பாடவேளை ஒரே நேரத்தில் இல்லையென்றால் திட்டம் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் அட்டவணை போடும்போதே பேச வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கை ஆறிலேயே முடித்தவர் எட்டாம் வகுப்பில் என்ன படிப்பார் என்பதையும் அன்றே எழுதிவைக்க வேண்டும். மாணவருக்கு விருப்பமில்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

9. திறன் இருந்தும் சரிபவர்கள்

ஏழாம், எட்டாம் வகுப்பில் சிலருடைய மதிப்பெண் திடீரென்று விழும். ‘சோம்பேறி ஆகிவிட்டான்’ என்று முடிவு செய்யுமுன் மூன்றைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, சலிப்பு. எளிய வேலையில் தவறும் கடினமான வேலையில் சரியும் வந்தால் இதுதான். மருந்து, மேலே சொன்ன கழித்தல்.

இரண்டு, தோல்வி அச்சம். இவர் எளிய வேலையை நன்றாகச் செய்வார். கடினமானதைத் தொடங்கவே மாட்டார், தாளைக் கிழிப்பார், ‘மறந்துவிட்டேன்’ என்பார். 1998-இல் வெளியான ஒரு சோதனையில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர்கள், ஒரு கடினமான சுற்றில் தோற்றபின் விரைவில் சோர்ந்தார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். எனவே குறிப்பாகப் பாராட்டுங்கள்: ‘முதல் வழி அடைபட்டதும் அட்டவணை போட்டுப் பார்த்தாயே, அது நல்ல நகர்வு.’ முதல் முயற்சியை வரைவு என்றே பெயரிட்டு வாங்குங்கள்.

மூன்று, மறைந்திருக்கும் குறைபாடு. மீத்திறனும் வாசிப்புக் குறைபாடோ கவனக் குறைபாடோ ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். திறன் குறையை மறைக்கும், குறை திறனை மறைக்கும், பார்ப்பவருக்குச் சராசரி மாணவர் தெரிவார். வாயால் சொல்லும் விடைக்கும் கையால் எழுதும் விடைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். சிறப்பாசிரியரிடம் அனுப்பிச் சோதிக்கச் செய்யுங்கள். அதுவரை விடையை வாய்மொழியாகவோ தட்டச்சிலோ ஏற்றுக்கொள்ளுங்கள். ஆழ வேலையை நிறுத்திவிட்டுக் குறையை மட்டும் சரிசெய்ய முனையாதீர்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு மீதமிருக்கும் ஒரே காரணம் பெரும்பாலும் அந்த வேலையாகத்தான் இருக்கும்.